தூக்கப் பட்டை வாங்கலாமா? மதிப்பெண்ணை மறந்துவிட்டுக் கோப்பைத் திறப்பவர்களுக்கு மட்டும்

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அதில் இரண்டு பட்டையைச் செய்த பொறியாளர்களுக்கு, ஒன்று ஆப்பின் அமைப்புகளுக்குள் யார் கண்ணிலும் படாத இடத்தில் வைத்திருக்கும் 'மூலத் தரவை இறக்கு' என்ற பொத்தானுக்கு. விளம்பரம் எழுதியவருக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. நெற்றியில் கட்டிக்கொண்டு தூங்கும், மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் இந்த இஇஜி பட்டைகள் எந்த பிராண்டாக இருந்தாலும் அடிப்படையில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, அதனால் நீங்கள் வேறொன்றைப் பார்த்து வைத்திருந்தாலும் இதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும். துணிப் பட்டை, நெற்றியில் படுகிற மாதிரி நான்கு உலர் எலெக்ட்ரோடுகள், காதுக்குப் பின்னால் இரண்டு, நொடிக்கு 250 முறை மின்னழுத்தத்தைப் பதிவு செய்யும் ஒரு சின்னப் பெட்டி, எலும்பு வழியாகச் சத்தம் கேட்கவைக்கும் ஸ்பீக்கர். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரியும் சேர்ந்து ஒரு நல்ல போன் விலை ஆகிவிடும். அப்புறம் மாதச் சந்தா தனி.

பெட்டியின் மேல் மூன்று வாக்குறுதிகள். ஆழ்தூக்கத்தை அளக்கும், ஒலி கொடுத்து ஆழ்தூக்கத்தைக் கூட்டும், "மூளைத்தண்டின் மன அழுத்த மையத்தைச் சமநிலைக்குக் கொண்டுவரும்". மூன்றாவதைப் படித்ததும்தான் எனக்கு வாங்கவே தோன்றியது. நெற்றித் தோலில் ஒட்டிய எலெக்ட்ரோடு மூளையின் அடியில் இருக்கும் மூளைத்தண்டை எப்படிப் பார்க்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை. பதில்: பார்க்காது. ஆனால் அதன் கைவரிசையை ஓரளவு பிடிக்கலாம், அதுவும் நிறுவனம் விற்க மறந்துபோன ஒரு வழியில். அந்த இடத்துக்கு வருவதற்கு முன் கொஞ்சம் உடலியல் பேசியாக வேண்டும், இல்லையென்றால் எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்றே புரியாது.

மூளைத்தண்டில் பான்ஸ் என்றொரு பகுதி. அங்கே இடமும் வலமுமாக லோகஸ் சிருலியஸ் என்ற துளியூண்டு நியூரான் கூட்டம் இருக்கிறது. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் என்கிறார்கள், இந்தக் கூட்டத்தில் ஒரு பக்கத்துக்குச் சில பத்தாயிரம்தான். ஆனால் இவற்றின் இழைகள் பெருமூளைப் புறணி (மூளையின் மேலடுக்கு), தலாமஸ் (மூளையின் நடுவே தகவல்களைப் புறணிக்கு அனுப்பும் இடம்), சிறுமூளை, தண்டுவடம் என்று கிட்டத்தட்ட எல்லா இடத்துக்கும் போய் நோர்அட்ரினலின் என்ற விழிப்பு ரசாயனத்தைத் தூவுகின்றன. பக்கத்திலேயே ராஃபே என்ற கூட்டம், அது செரோடோனினுக்கு. அசிடைல்கோலினுக்கு அதே வட்டாரத்தில் இன்னொரு கூட்டம். விழித்திருக்கும்போது எல்லாமே வேலை செய்கின்றன. மெது அலைத் தூக்கத்தில், அதாவது கனவுத் தூக்கம் தவிர்த்த மற்ற தூக்கத்தில், எல்லாமே தணிகின்றன. கனவுத் தூக்கமான ரெம் நிலையில் நடப்பதுதான் விசித்திரம்: அசிடைல்கோலின் விழிப்பு அளவுக்கு மறுபடி ஏறிவிடும், நோர்அட்ரினலினும் செரோடோனினும் ஏறக்குறைய முழுவதுமாக வாயை மூடிக்கொள்ளும். செரோடோனின் நியூரான்கள் இப்படி அடங்குவதைப் பூனைகளில் 1976-இலும், லோகஸ் சிருலியஸ் அடங்குவதை எலிகளில் 1981-இலும் காட்டினார்கள்.

சரி, இதற்கும் நெற்றியில் தெரியும் அலைகளுக்கும் என்ன சம்பந்தம்? 1949-இல் மொருஸ்ஸியும் மகூனும் மயக்கத்தில் இருந்த பூனைகளின் மூளைத்தண்டை மின்சாரத்தால் லேசாகத் தூண்டினார்கள். புறணியில் ஓடிக்கொண்டிருந்த பெரிய மெதுவான அலைகள் கலைந்து, விழித்திருக்கும் மூளையைப் போலச் சின்ன வேகமான அலைகளாக மாறின. கனடாவின் லவால் பல்கலைக்கழகத்தில் மிர்ச்சா ஸ்டெரியாடே 1993-இல் அந்த மெது அலைகளுக்குள்ளேயே போய்ப் பார்த்தார். புறணியின் நியூரான்கள் எல்லாம் ஒரு நொடிக்கும் சற்றுக் குறைய ஒன்றாகச் சுடுகின்றன, அதாவது மின் துடிப்பு விடுகின்றன, பிறகு எல்லாமே ஒன்றாக அடங்கிவிடுகின்றன, மறுபடி சுடுகின்றன. ஒரு ஹெர்ட்ஸுக்கும் குறைவான தாளம். விழித்திருக்கும்போது ஏன் இப்படி அடங்குவதில்லை என்றால், நோர்அட்ரினலினும் அசிடைல்கோலினும் நியூரானின் சில பொட்டாசியம் வாயில்களை மூடி வைத்திருக்கின்றன. மூளைத்தண்டு தணிந்ததும் அந்த வாயில்கள் திறக்கின்றன, பொட்டாசியம் வெளியே கசிகிறது, நியூரான்கள் சேர்ந்து அமுங்கிப்போகச் சுலபமாகிவிடுகிறது. தலாமஸிலும் இதே கதைதான். நோர்அட்ரினலின் குறைந்து நியூரான்களின் மின்னழுத்தம் கீழே இறங்கினால்தான் அவை கொத்துக் கொத்தாகச் சுட ஆரம்பிக்கும், அந்தக் கொத்துகளிலிருந்து பிறப்பவைதான் 11 முதல் 16 ஹெர்ட்ஸ் வரை ஓடும் ஸ்பிண்டில்கள் என்ற குட்டி அலைக்கொத்துகள். ஆக, பட்டை பார்ப்பது புறணியின் தாளத்தை மட்டும். தாளத்தை மாற்றும் கை கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

இப்போது பொருளுக்கு வருவோம்.

கட்டிக்கொள்வது சிரமமில்லை. மல்லாந்து படுப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது, ஒருக்களித்துப் படுத்தால் காதுக்குப் பின்னால் உள்ள குமிழ் அழுத்தும், குப்புறப் படுப்பவர்கள் வாங்கவே வேண்டாம். சார்ஜ் ஒரு ராத்திரி தாங்கும், இரண்டாவது ராத்திரி தாங்காது. காலையில் நெற்றியில் நான்கு சிவப்பு வட்டங்கள் இருக்கும், குளித்ததும் போய்விடும். வீட்டில் கிண்டல் செய்வார்கள், அதற்கு நிறுவனம் பொறுப்பில்லை.

உண்மையான தொல்லை நம் ஊர் வானிலை. இதை வடிவமைத்தவர்கள் குளிர்ந்த அறையில் போர்வைக்குள் தூங்குபவர்களை மனதில் வைத்துச் செய்திருக்கிறார்கள். சென்னையில் மே மாதம், மின்சாரம் போய் ஏசி நின்றுவிட்ட ராத்திரிகளில், புரண்டு புரண்டு படுத்துவிட்டு காலையில் எரிச்சலோடு எழுந்து பார்த்தால் ஆப் கைதட்டுகிறது: ஆழ்தூக்கம் அமோகம்! காரணம் வியர்வை. வியர்வையிலுள்ள உப்பு எலெக்ட்ரோடின் மின்னழுத்தத்தை மெதுவாக ஏற்றி இறக்கும், அந்த ஏற்ற இறக்கம் ஒரு ஹெர்ட்ஸுக்குக் கீழே, கிட்டத்தட்ட மெது அலைகளின் எல்லையிலேயே விழும். தூக்க ஆய்வகங்களில் இது பழகிப்போன விஷயம். அங்கே டெக்னீஷியன் பார்த்ததும் கண்டுபிடித்து அறையைக் குளிரவைப்பார். பட்டையின் மென்பொருளுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கும் வழக்கம் இருந்தால் இன்னொரு சிக்கல், எண்ணெய் நெற்றியில் இறங்கி தொடர்பு விட்டுப்போகும். ஆய்வகத்தில் வேலை செய்யும் தெரிந்த ஒருவரிடம் சொன்னபோது சிரித்துவிட்டார்: "எண்ணெய் வைக்காம தலைக்குக் குளிச்சிட்டு வாங்கன்னு பேப்பர்லயே அச்சடிச்சுக் குடுக்குறோம் சார், அப்பவும் வச்சிட்டுத்தான் வர்றாங்க." படுக்கப்போகும் முன் நெற்றியைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். திருநீறு இருந்தால் அதையும்.

இன்னொன்று. மின்கம்பி இரைச்சலை வடிகட்டும் அமைப்பு 60 ஹெர்ட்ஸில் வைக்கப்பட்டு வந்தது. அது அமெரிக்க மின்சாரம், நம்முடையது 50. மாற்ற வழி இருக்கிறது, ஆனால் தேட வேண்டும். வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினால் "நன்றாகத் தூங்க ஐந்து வழிகள்" என்று ஒரு பதில் வந்தது.

மதிப்பெண்ணுக்கு வருவோம், ஏனென்றால் பெரும்பாலானோர் காசு கொடுப்பது அதற்குத்தான். காலையில் 100-க்கு இத்தனை என்று ஓர் எண், கீழே "ஆழ்தூக்கம் இத்தனை நிமிடம்". ஆழ்தூக்கம், அதாவது என்3 நிலை, என்பது எப்படி முடிவாகிறது தெரியுமா? இரவை 30 நொடித் துண்டுகளாக வெட்டுகிறார்கள். ஒரு துண்டில் 20 சதவீதம், அதாவது 6 நொடியாவது, 75 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் உயரமுள்ள 0.5 முதல் 2 ஹெர்ட்ஸ் வரையான அலைகள் இருந்தால் அது என்3. 5 நொடி இருந்தால் என்2, அதாவது அதைவிட ஒரு படி லேசான தூக்கம். அவ்வளவுதான். அலையின் உயரம் வயதாக ஆகக் குறையும், ஆனால் 75 என்ற கோடு எல்லோருக்கும் ஒன்றே. நாற்பதைத் தாண்டியவர்கள் ஆழ்தூக்கம் குறைந்துவிட்டதென்று ஆப் காட்டும் சிவப்புக் கோட்டைப் பார்த்து மனம் உடையும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி பெற்ற மனிதர்களே இதில் ஒத்துப்போவதில்லை: 2013-இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மதிப்பீட்டாளர்களின் முடிவுகளை ஒப்பிட்டபோது மொத்த ஒற்றுமை சுமார் 83 சதவீதம், என்3 நிலைக்கு மட்டும் பார்த்தால் சுமார் 67. நிபுணர்களுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது நெற்றிப் பட்டை "நேற்றைவிட 4 நிமிடம் குறைவு" என்று கவலைப்படுவது அதிகப்பிரசங்கித்தனம்.

ஆனாலும் கைக்கடிகாரத்தைவிட இது எவ்வளவோ மேல் என்பதையும் சொல்ல வேண்டும். கடிகாரம் மூளை பக்கமே போவதில்லை. மணிக்கட்டின் அசைவையும் பச்சை விளக்கொளியில் தெரியும் நாடித்துடிப்பையும் வைத்து "இப்போது ரெம், இப்போது ஆழ்தூக்கம்" என்று ஊகிக்கிறது. பக்கத்து வீட்டு குக்கர் விசிலை எண்ணி என்ன குழம்பு என்று சொல்கிற மாதிரி. சில நாள் சரியாகவும் இருக்கும்.

ரெம் விஷயத்தில் பட்டையும் தடுமாறுகிறது, அதற்குக் காரணம் மேலே சொன்ன ரசாயனக் கூத்துதான். ரெம் நிலையில் அசிடைல்கோலின் புறணியை விழிப்பு மாதிரியே ஓட்டுகிறது, அதனால் இஇஜி-யைப் பார்த்தால் விழித்துக்கொண்டு படுத்திருப்பவருடையது போலவே இருக்கும். 1953-இல் சிகாகோவில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும் இதைக் கண்டுபிடித்தது கண்ணசைவை வைத்து. லியோனில் மிஷெல் ஜூவே 1959-இல், தசைகள் முற்றாகத் தளர்ந்துபோவதைக் கவனித்து இதற்கு 'முரண் தூக்கம்' என்று பெயர் வைத்தார், அதை இயக்கும் இடம் பான்ஸ் என்பதையும் காட்டினார். ஆகவே ரெம்மை உறுதிசெய்ய மூளை அலை, கண்ணசைவு, தாடைத் தசை மூன்றும் வேண்டும். ஆய்வகத்தில் தாடையில் எலெக்ட்ரோடு ஒட்டுவது அதற்குத்தான். பட்டையில் தாடைக்கு எதுவும் இல்லை. நெற்றி எலெக்ட்ரோடுகளில் கண்ணசைவு ஓரளவு கலந்து வருவதால் சமாளிக்கிறது. விடியற்காலையில் முழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி அசையாமல் கிடந்த நேரத்தையெல்லாம் எனக்கு ரெம் என்று கணக்கு எழுதியிருக்கிறது. கனவு காண்பதாகச் சொன்னால் பரவாயில்லை, "உணர்ச்சி மீட்சி சிறப்பு" என்று வேறு போட்டிருந்தது.

ஒலி விஷயம்தான் இதன் பெரிய விற்பனைச் சரக்கு, அதை நான் கேலி செய்யப்போவதில்லை, ஏனென்றால் அதற்குப் பின்னால் நல்ல ஆராய்ச்சி இருக்கிறது. 2013-இல் ஜெர்மனியில் ஹாங்-வியட் இங்கோ, யான் பார்ன் குழுவினர் 11 பேரைத் தூங்கவைத்து, மெது அலை மேலே ஏறும் தருணத்தைக் கணித்து அதே நேரத்தில் மிகக் குறுகிய இரைச்சல் துளிகளைக் காதில் கொடுத்தார்கள். மெது அலைகள் பெருகின, இரவு மனப்பாடம் செய்த சொல் ஜோடிகளைக் காலையில் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். தருணம் தவறினால் பலன் இல்லை. 0.8 ஹெர்ட்ஸ் அலை ஒன்று முடிய 1.25 நொடி ஆகும் என்றால், 0.1 நொடி தாமதம் அலையின் வட்டத்தில் கிட்டத்தட்ட 29 பாகை. ப்ளூடூத் வழியாகப் போனுக்கு அனுப்பிக் கணக்குப் போட்டுத் திரும்ப வாங்கினால் கதை முடிந்தது. இந்த நிறுவனம் கணக்கைப் பட்டைக்குள்ளேயே போடுகிறது, மூலத் தரவில் ஒலிக் குறிகள் எங்கே விழுந்திருக்கின்றன என்று பார்த்தேன், பெரும்பாலானவை ஏறுமுகத்தில்தான் இருக்கின்றன. பொறியாளர்களுக்குக் கொடுத்த இரண்டு நட்சத்திரம் இதற்காக.

ஆனால் ஆப் காட்டும் "ஆழ்தூக்கம் கூடியது" என்ற பச்சை அம்பை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். தூங்குபவர் காதில் எந்தச் சத்தம் விழுந்தாலும் கே-காம்ப்ளெக்ஸ் என்ற ஒரு பெரிய அலை எழலாம், இது 1930-களின் கடைசியிலிருந்தே தெரிந்த விஷயம். சத்தம் போட்டு அலையை எழுப்பிவிட்டு, அலை எழுந்தது என்று அதையே சாதனைக் கணக்கில் சேர்ப்பது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது. அதே ஜெர்மன் குழு 2015-இல் ஒலியை நீட்டித்துப் பார்த்தபோது மூளையே ஒரு கட்டத்துக்கு மேல் இடம் கொடுக்கவில்லை. இவ்வளவுதான், இதற்கு மேல் அலை வராது என்று ஒரு வரம்பு இருக்கிறது. நினைவாற்றல் பலனும் பின்னால் வந்த எல்லா ஆய்வுகளிலும் ஒரே மாதிரி கிடைக்கவில்லை.

இதைவிட முக்கியமான குறை ஒன்று இருக்கிறது, நான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

தூக்கத்தில் லோகஸ் சிருலியஸ் தணிகிறது என்று மேலே எழுதினேன். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. கடந்த சில ஆண்டுகளில் எலிகளின் மூளைக்குள் ஒளியிழை வைத்து நோர்அட்ரினலினை நொடிக்கு நொடி அளந்தவர்கள் வேறு படம் காட்டுகிறார்கள். மெது அலைத் தூக்கத்தில் அது ஒரேயடியாக இறங்கிக் கிடப்பதில்லை. அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது, ராத்திரி முழுக்க. அது இறங்கும்போது ஸ்பிண்டில்கள் மொய்க்கின்றன, ஏறும்போது ஸ்பிண்டில்கள் மறைகின்றன, சில சமயம் ஏற்றத்தின் உச்சியில் நமக்கே தெரியாத ஒரு நுண் விழிப்பும் நடக்கிறது. லோசானில் அனிதா லூதியின் குழு 2017-இல் எலி, மனிதர் இருவரிடமும் ஸ்பிண்டில் வரிசை கிட்டத்தட்ட 50 நொடிக்கு ஒருமுறை, அதாவது 0.02 ஹெர்ட்ஸில், ஏறி இறங்குவதைக் காட்டியது. இதயத் துடிப்பும் கூடவே ஆடுகிறது. 2021-இல் அதே குழு, எலியின் தலாமஸில் நோர்அட்ரினலின் இதே தாளத்தில் ஏறி இறங்குவதை அளந்தது. 2022-இல் கோபன்ஹேகனிலிருந்து மைக்கன் நெடர்கார்டின் குழு, அந்த ஏற்ற இறக்கத்தின் ஆழம் எலிகளின் நினைவாற்றலோடு சேர்ந்து போகிறது என்று எழுதியது.

இதில் ஒலிக்கு என்ன வேலை? 2017 ஆய்வில் தூங்கும் எலிகளுக்குச் சத்தமும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே சத்தம்தான். அந்த 50 நொடிச் சுழற்சியின் ஒரு பாதியில் விழுந்தால் எலி தூங்கிக்கொண்டே இருக்கிறது, மறு பாதியில் விழுந்தால் எழுந்துவிடுகிறது. டெல் அவீவில் 2020-இல் லோகஸ் சிருலியஸை நேரடியாகவே கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள்: அது அடங்கியிருந்தால் எலி சத்தத்துக்கு எழுவது குறைகிறது, முடுக்கிவிட்டால் எழுவது கூடுகிறது. அப்படியானால் ஆழ்தூக்கத்தைக் கூட்ட என்று கொடுக்கும் ஒலி, மெது அலையின் ஏறுமுகத்தில் சரியாக விழுந்தாலும், 50 நொடிச் சுழற்சியின் தவறான பாதியில் விழுந்தால் என்ன ஆகும்? என் தரவில் சில ராத்திரிகளில் ஒலி விழுந்த கையோடு இஇஜி வேகமாகி, தலை அசைந்து, அந்தத் துண்டே கெட்டுப்போயிருக்கிறது. இது என் ஒருவன் நெற்றி, இதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் பட்டை ஒரு நொடித் தாளத்தை இவ்வளவு துல்லியமாகக் கவனித்துவிட்டு ஒரு நிமிடத் தாளத்தைக் கண்டுகொள்ளவே இல்லை என்பது மென்பொருள் குறிப்பிலேயே தெரிகிறது. ஸ்பிண்டில் எண்ணிக்கை கையில் இருக்கிறது. அது கூடிக்கொண்டிருக்கிறதா குறைகிறதா என்று பார்த்து ஒலியைத் தள்ளிப்போட நாலு வரி நிரல் போதும். மூளைத்தண்டைச் சமநிலைப்படுத்துவதாக அட்டையில் அச்சடித்தவர்கள் அதைச் செய்திருக்கலாம்.

இந்தத் தாளத்தை உங்கள் தலையிலேயே பார்க்க ஆசை இருந்தால், இந்தப் பொருளின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. மூலக் கோப்பை இறக்குங்கள். பைத்தானில் எம்என்ஈ, யாசா என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. வியர்வையும் அசைவும் இல்லாத என்2 பகுதியை எடுத்து, 11 முதல் 15 ஹெர்ட்ஸ் வரை மட்டும் வடிகட்டி, அதன் சக்தி நேரத்தோடு எப்படி மாறுகிறது என்று வரையுங்கள், கொஞ்சம் மழுங்கடித்துக் கொள்ளுங்கள். சுத்தமான ராத்திரியாக இருந்தால் மலை மலையாக ஏறி இறங்கும் ஒரு கோடு வரும், ஒரு மலைக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. கடிகாரத்தின் நாடித்துடிப்பை அதன் மேல் போட்டுப் பார்த்தேன், ஸ்பிண்டில் மலை சரியும் இடங்களில் துடிப்பு லேசாக ஏறுகிறது. முதல் தடவை திரையில் அதைப் பார்த்தபோது ராத்திரி ஒரு மணி, தூக்கத்தைப் பற்றிப் படிக்கத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்பது வேறு விஷயம். மனிதர்களில் நோர்அட்ரினலினை இப்படி நேரடியாக அளக்க முடியாது, எலியில் கண்டதை வைத்துத்தான் இந்தக் கோட்டுக்குப் பின்னால் லோகஸ் சிருலியஸ் இருக்கிறது என்று ஊகிக்கிறோம். நல்ல ஊகம், அவ்வளவுதான்.

இதிலும் ஒரு குறை உண்டு. வேகமான ஸ்பிண்டில்கள் உச்சந்தலைப் பக்கம்தான் பலமாக இருக்கும், நெற்றியில் தெரிபவை பெரும்பாலும் மெதுவான வகை. 50 நொடித் தாளமும் உச்சந்தலையை ஒட்டித்தான் தெளிவாகத் தெரிகிறது. முடிக்குள் உலர் எலெக்ட்ரோடு வைப்பது கஷ்டம் என்பதால் நெற்றியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நியாயம்தான், ஆனால் படம் மங்கல்.

அடுத்து "மூளைக் கழிவு சுத்திகரிப்பு மதிப்பெண்". சந்தா கட்டினால்தான் இது திறக்கும். 2025-இல் அதே கோபன்ஹேகன் குழு, எலிகளில் நோர்அட்ரினலினின் இந்த ஏற்ற இறக்கம் ரத்தக் குழாய்களைச் சுருக்கி விரித்து, கழிவைக் கழுவிச் செல்லும் மூளைத் திரவத்தைப் பம்ப் போலத் தள்ளுகிறது என்றும், சோல்பிடம் என்ற தூக்க மாத்திரை அந்த அலையை அடக்கித் திரவ ஓட்டத்தையும் குறைக்கிறது என்றும் காட்டியது. பிரமாதமான ஆய்வு. ஆனால் 2024-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியிலிருந்து வந்த எலி ஆய்வு ஒன்று, தூக்கத்தில் கழிவு வெளியேறுவது குறைகிறது என்று நேர்மாறாகச் சொன்னது. சண்டை இன்னும் முடியவில்லை. ஆய்வாளர்களே ஒரு முடிவுக்கு வராத விஷயத்துக்கு ஆப் தினமும் காலையில் 100-க்கு மார்க் போடுகிறது, அதுவும் ஆழ்தூக்க நிமிடங்களை ஓர் எண்ணால் பெருக்கி, ஏற்ற இறக்கத்தைப் பார்க்காமலேயே. இதற்காகச் சந்தா கட்டாதீர்கள். சோல்பிடம் சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம், அது எலி ஆய்வு, உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

மாத்திரை என்றதும் ஞாபகம் வருகிறது. தினமும் படுக்கும் முன் ஆப் கேள்வி கேட்கிறது: காபி குடித்தீர்களா, மது, உடற்பயிற்சி, மனநிலை, கடைசியாகச் சாப்பிட்ட நேரம். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இந்த ரசாயனங்கள் எல்லாம் மருந்துக் கடையில் விற்பவற்றோடு நேரடியாக மோதுபவை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள் செரோடோனினைக் கூட்டி ரெம்மைக் குறைக்கும். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் பென்சோடயசபைன்கள் ஸ்பிண்டிலைக் கூட்டி மெது அலையைக் குறைக்கும். சளிக்குக் கொடுக்கும் பழைய வகை ஆன்டிஹிஸ்டமின் ஏன் தூக்கம் வரவழைக்கிறது என்றால், அது ஹைப்போதலாமஸிலிருந்து வரும் ஹிஸ்டமின் விழிப்புச் சமிக்ஞையைத் தடுக்கிறது. ஐசியூவில் கொடுக்கும் டெக்ஸ்மெடெடோமிடின் லோகஸ் சிருலியஸையே அடக்கி, ஸ்பிண்டிலோடு கூடிய என்2 போன்ற ஒரு நிலையை உண்டாக்குகிறது. மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டு ஒழுங்காகத் தேறிவரும் ஒருவருக்கு இந்த ஆப் தினமும் "உங்கள் ரெம் ஆபத்தான அளவில் குறைவு" என்று செய்தி அனுப்பினால் என்ன ஆகும்? எனக்கு இந்தப் பொருளின் மேல் உண்மையான கோபம் இந்த ஓர் இடத்தில்தான்.

குறட்டை விடுபவர்கள், பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொக்குகிறவர்கள் இதை வாங்கி ஏமாற வேண்டாம். மூச்சு நிற்பதை இது அளக்காது. மூக்கில் காற்றோட்டக் குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பெல்ட், விரலில் ஆக்சிஜன் கிளிப் எல்லாம் வைத்து ஓர் இரவு எடுக்கும் பாலிசோம்னோகிராஃபி பரிசோதனை பல மருத்துவமனைகளில் இருக்கிறது, காசை அங்கே கொடுங்கள். கனவில் கை கால் வீசி, பக்கத்தில் படுத்திருப்பவரை அடிப்பவர்கள் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரெம்மில் தசையைத் தளர்த்தும் மூளைத்தண்டு ஏற்பாடு பழுதாவதால் வருவது அது. 1986-இல் மினியாபொலிஸில் ஷெங்க், மஹோவால்ட் அதை விவரித்தார்கள். சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து பார்க்கின்சன் வருவதற்கு முன்னறிகுறியாகவும் அது இருப்பதுண்டு. தாடை எலெக்ட்ரோடு இல்லாத பட்டைக்கு இது தெரியவே தெரியாது.

மற்றபடி, நிரல் எழுத ஓரளவு தெரிந்தவர், தன் மூளை ராத்திரியில் என்ன செய்கிறது என்று பார்க்க ஆசைப்படுபவர், உடலியல் படிக்கும் மாணவர், இவர்களுக்குத் தாராளமாகச் சொல்வேன். பழையது கிடைத்தால் பழையதே போதும், எலெக்ட்ரோடு பட்டையை மட்டும் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். சந்தா வேண்டாம், மூலக் கோப்பு சந்தா இல்லாமலே இறங்குகிறது. வந்ததும் முதல் வேலையாக வடிகட்டியை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், காலை மதிப்பெண் அறிவிப்பை அணைத்துவிடுங்கள், ஒலியை முதல் சில வாரங்களுக்குப் போடாமல் வெறும் பதிவை மட்டும் எடுங்கள், இல்லாவிட்டால் எது உங்கள் தூக்கம், எது பட்டையின் சத்தம் என்று பிரிக்கவே முடியாது. கோடையில் ஏசி இல்லாத அறை என்றால் நவம்பர் வரை பொறுத்து வாங்குங்கள், திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு 30 நாள்தான்.